காய்ச்சலோடு வரும் நீர்க்கடுப்பைச் சூடு என்று விட்டுவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் புராஸ்டேட் சுரப்பியைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வயதானவர்களுக்கு அந்தச் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குவதையும், அதற்கான மாத்திரைகளையும் அறுவைச் சிகிச்சையையும் கட்டுரையாளர் தெளிவாகவே விளக்கியிருந்தார். ஆனால் அதைப் படித்த 35 வயதுக்காரர் ஒருவர், இது அப்பாருக்கு வரும் தொல்லை, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எண்ணித்தான் பக்கத்தைப் புரட்டியிருப்பார். அந்தச் சுரப்பியில் வரும் அழற்சி, அதாவது வீக்கமும் வலியும், இளவயதினரையும் தாக்கும் என்பதால் அந்த எண்ணம் தவறானது, சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தானது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பல்லடத்தில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் நுட்பநராக நெடுங்காலமாகப் பணியாற்றி வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் கையில் சீட்டையும் சிறுநீர்க் குப்பியையும் வைத்துக்கொண்டு, எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூசி நிற்கும் ஆண்களை நாள்தோறும் பார்க்கிறவன்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி, ஒரு பெருநெல்லிக்காய் அளவில், ஏறத்தாழ 20 கிராம் எடையில் அமைந்திருக்கும் சுரப்பி. விந்தணுக்களோடு கலந்து வெளியேறும் நீர்மத்தில் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. வயது ஏற ஏற அது பெருப்பது ஒரு தொல்லை. அதில் புற்று தோன்றுவது வேறொரு தொல்லை. அழற்சி என்பது இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது தொல்லை. முதல் இரண்டும் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு வருபவை. அழற்சியோ கல்லூரி மாணவருக்கும் வரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தகப்பனாருக்கும் வரும். ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஆண்களைச் சிறுநீரகவியல் மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் காரணங்களில் அது முன்வரிசையில் இருக்கிறது. அழற்சி வந்தவருக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். புராஸ்டேட் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் வெளிறிப் போகிறவர்களை அடிக்கடி காண்கிறேன்.

திடீரென்று தாக்கும் கிருமித் தொற்று அழற்சியைத்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காலம் தாழ்த்த இடமே இல்லை. காலையில் நன்றாக வேலைக்குச் சென்றவருக்கு மாலைக்குள் உடம்பு உதறலெடுத்துக் காய்ச்சல் ஏறும். சிறுநீர் கழிக்கையில் எரியும். சற்று நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும் என்று தோன்றும், போனால் முக்கி முக்கிச் சொட்டாகத்தான் வரும். இரவில் பலமுறை எழ நேரிடும். சிறுநீர் கலங்கலாகவும் கெட்ட வாடையோடும் போகும், சிலருக்கு அதில் இரத்தமும் கலந்திருக்கும். அடிவயிற்றிலும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் வலி எடுக்கும். இவை எல்லாவற்றையும்விட இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம், விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதியில் உண்டாகும் வலியும் கனமுமே ஆகும். அந்த வலியால் கெட்டியான இருக்கையில் உட்கார முடியாது. மலம் கழிக்கும்போதும் விந்து வெளியேறும்போதும் அது கூடும். உடம்புவலியும் அசதியும் கூடவே வருவதால் பார்ப்பவர்களுக்கு இது வெறும் காய்ச்சலாகத் தோன்றிவிடுகிறது. சிலருக்குச் சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு, வயிறு உப்பித் துடித்துப் போகும் நிலை வரும்.

இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது நம் குடலிலேயே வாழும் இ.கோலி என்ற கிருமி. அது சிறுநீர்ப் பாதை வழியாக மேலேறிச் சுரப்பிக்குள் புகுந்துவிடுகிறது. மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருந்தவர்கள், சுரப்பியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனை செய்துகொண்டவர்கள், அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறவர்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இதைத் தனியே வலியுறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் சுரப்பிக்குள் சீழ் கட்டிக்கொள்ளும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். கவனிக்காமல் விட்டால் கிருமி இரத்தத்தில் பரவி, இரத்த அழுத்தம் இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

நம் பகுதியில் இது எப்படித் தவறிப்போகிறது என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைக் குறிப்பிடுகிறேன். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று வருகிற எவருக்கும் டெங்குவா, டைபாய்டா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அது தேவையான வழக்கம்தான். அப்படி ஒரு ஐப்பசி மாதத்தில், சோமனூர்ப் பக்கமிருந்து தறிக்குடோனில் வேலை செய்யும் ஒருவர், நாற்பது வயதுகூட ஆகாதவர், இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. மரப் பெஞ்சில் மற்றவர்களைப் போல அவர் உட்காரவில்லை. ஒரு பக்கத் தொடையை மட்டும் பெஞ்சின் ஓரத்தில் வைத்து, மற்றொரு காலைத் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். மூலமா என்று கேட்டேன். இல்லை என்றார். ஒண்ணுக்கு எப்படிப் போகிறது என்று கேட்டபோது சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "சொட்டுச் சொட்டா எரிஞ்சுக்கிட்டுப் போகுதுங்க, சூடு புடிச்சுக்கிச்சுங்க, அதுக்குத்தான் தொப்புள்ல வெளக்கெண்ணெய் வெச்சிருக்கறனுங்க" என்றார். சீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதப்படவே இல்லை. மருத்துவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. தொலைபேசியில் நான் தெரிவித்த பிறகு அதே மருத்துவர் உடனே சிறுநீர்ப் பரிசோதனையையும், சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையையும் சேர்க்கச் சொன்னார். நுண்ணோக்கியின் கீழ் எண்ணி மாளாத அளவுக்குச் சீழ் அணுக்கள் தெரிந்தன. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவருக்கு இரவில் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் இருந்ததால் பிழைத்தார். கல்ச்சரில் இ.கோலி வளர்ந்தது.

விளக்கெண்ணெயையும் இளநீரையும் நீராகாரத்தையும் நான் குறை கூறவில்லை. வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல் சாதாரணமாக வரும் எரிச்சலுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பக்குவம் இதமளிக்கலாம். இடுப்பு வலித்தால் கல்லாகத்தான் இருக்கும் என்று வாழைத்தண்டுச் சாறு குடிப்பதும் நம் ஊரில் புதிதல்ல. ஆனால் நீர்க்கடுப்போடு குளிர்காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் அது வீட்டில் வைத்துப் பார்க்கும் எல்லையைக் கடந்துவிட்டது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், சிறுநீர் அடைத்துவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைக்க வேண்டும். திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டுவிட்டன. கோவையிலும் பெருந்துறையிலும் சேலத்திலும் முன்பே இருக்கின்றன. முதலுதவிக்கு எங்கே போவது என்று நம் பகுதியில் எவரும் திகைத்து நிற்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியத்தைவிட என்னை அதிகம் வருத்துவது மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைதான். "நீர்க்கடுப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டு, நான்கு ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் துண்டு அட்டையாக வெட்டி வாங்கிப்போய் இரண்டு நாள் விழுங்குவார்கள். காய்ச்சல் சற்றுத் தணியும். மறுபடி ஏறும்போதுதான் மருத்துவரிடம் போவார்கள், அவர் கல்ச்சர் எழுதுவார், குப்பி எங்களிடம் வரும். நாங்கள் அதைத் தட்டில் தடவிச் சூட்டுப்பெட்டியில் வைத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் எடுத்துப் பார்த்தால் தட்டு வெறுமையாக இருக்கும். கிருமி உடம்பை விட்டுப் போகவில்லை. விழுங்கிய மாத்திரையின் மிச்சம் சிறுநீரில் இருப்பதால் தட்டில் மட்டும் அது வளரவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று மருத்துவருக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்காது. ஆகவே மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, தாமதிக்காமல் சேர்க்க வேண்டும். வீட்டிலிருந்து கழுவிய மாத்திரைப் புட்டியிலோ ஜாம் புட்டியிலோ கொண்டுவருவது பயன்படாது.

நம் நாட்டு இ.கோலி கிருமிகளில் பெரும்பகுதி, சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாகத் தரப்பட்டு வந்த சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு இப்போது கட்டுப்படுவதில்லை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் காட்டி வருகின்றன. அதனால் ஊகித்து விழுங்கும் மாத்திரை பலிக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு. புராஸ்டேட் சுரப்பிக்குள் பல மருந்துகள் எளிதில் ஊடுருவுவதில்லை. ஆகவே மற்றத் தொற்றுகளைப் போல ஐந்து நாளில் முடியாமல், திடீர் அழற்சிக்கு 2 முதல் 4 வாரங்கள் வரையும், நாள்பட்ட கிருமித் தொற்றுக்கு 4 முதல் 6 வாரங்களோ அதற்கு மேலுமோ மருந்து தேவைப்படுகிறது. மூன்றாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் நோய் சில மாதங்களில் திரும்பவும் தலைதூக்குகிறது. ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பது சட்டம்; கடைக்காரர்கள் அதை மதிக்க வேண்டும், நாமும் அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

இனி நாள்பட்ட வகையைச் சொல்கிறேன். 1995ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய உடல்நல நிறுவனம் கூட்டிய நிபுணர்கள் இந்நோயை நான்கு வகையாகப் பிரித்தனர்: திடீர்க் கிருமித் தொற்று, நாள்பட்ட கிருமித் தொற்று, கிருமி எதுவும் அகப்படாத நாள்பட்ட இடுப்புக்குழி வலி, அறிகுறியே இல்லாத அழற்சி. இவற்றுள் மூன்றாவதுதான் மிக அதிகம். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவ்வகையைச் சேர்ந்தவர்கள் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நான்காவது, குழந்தைப்பேற்றுக்கான விந்துப் பரிசோதனையின்போதோ வேறு சோதனையின்போதோ தற்செயலாகத் தெரியவருவது; அதற்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது.

அந்த மூன்றாம் வகையில் காய்ச்சல் இராது. மூன்று மாதங்களுக்கு மேலாக, கூடுவதும் குறைவதுமாக, கீழ்ப்பகுதியிலோ அடிவயிற்றிலோ விதைப்பையிலோ ஆணுறுப்பின் நுனியிலோ ஒரு வலி இருந்துகொண்டே இருக்கும். நெடுநேரம் உட்கார்ந்தால் அதிகரிக்கும். தாம்பத்திய உறவுக்குப் பின் வலிக்கும். சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். இந்த வலியால் தூக்கம் கெட்டு, மனம் சோர்ந்து, மனைவியிடமும் சொல்லாமல் ஒதுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு தையல் எந்திரத்தின் முன்னால் உட்காருகிற தொழிலாளியும், நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி எடுத்து வடமாநிலங்களுக்கு நாட்கணக்கில் ஓட்டுகிற ஓட்டுநரும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்கிறவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். உட்காரும் வேலைதான் நோயை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை; ஆனால் இருக்கும் வலியை அது கூட்டுகிறது. மேலும் அடிக்கடி எழ வேண்டியிருக்குமே, வண்டியை நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வதும், வந்த சிறுநீரை அடக்கிக்கொள்வதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவிடும் பழக்கங்கள்.

கிருமி இல்லாத இவ்வகை வலிக்கு, மாதக்கணக்கில் மாற்றி மாற்றி ஆன்டிபயாடிக் சாப்பிடுவதால் பயனில்லை. கிருமி உண்டா இல்லையா என்பதைச் சுரப்பியை மெல்ல அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த சிறுநீரை ஒப்பிட்டு அறியும் முறை இருக்கிறது. (திடீர் அழற்சியில் அப்படி அழுத்தவே கூடாது, கிருமி இரத்தத்தில் பரவிவிடும்.) கிருமி இல்லையென்று தெரிந்தால், சிறுநீர்ப் பாதையின் தசையைத் தளர்த்தும் மாத்திரை, வலிநிவாரணி, இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொள்வது, மனப்பதற்றத்தைக் குறைத்துக்கொள்வது எனப் பல வழிகளை மருத்துவர் இணைத்துப் பார்ப்பார். அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி அதில் கால்மணி நேரம் உட்காருவது பலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. காரம், காபி, மது ஆகியவை தமக்கு வலியைக் கூட்டுகின்றனவா என்று அவரவரே கவனித்து விலக்கிக்கொள்ளலாம். குணமாக நாளாகும், ஆனால் பலருக்கு வலி குறையும்.

இவ்வளவு இருந்தும் மருத்துவரிடம் போகாமல் தடுப்பது கூச்சம். ஆசனவாய் வழியாக விரல் விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது; ஆனால் அதை நினைத்தே பல மாதங்கள் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. கீழ்ப்பகுதியில் வலி, விந்து வெளியேறும்போது வலி என்றால் அது ஆண்மைக் குறைவு அல்லது தகாத உறவால் வந்த வெட்டை நோய் என்று ஊரார் நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களை வாட்டுகிறது. கிருமித் தொற்றுள்ள அழற்சியும்கூட பெரும்பாலும் பாலியல் உறவால் வருவதன்று. பால்வினைக் கிருமிகளாலும் சிலருக்கு, குறிப்பாக இளவயதினருக்கு, வரக்கூடும். அப்படியே இருந்தாலும் அது மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தானே தவிர மறைத்துவைத்து அழியும் குற்றமன்று.

இந்த அச்சத்தைத்தான் லாட்ஜ் வைத்தியர்கள் காசாக்குகிறார்கள். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊரில் தங்குவதாகப் பேருந்து நிலையச் சுவர்களிலும் கழிப்பறைக் கதவுகளிலும் ஒட்டப்படும் அறிவிப்புகளைப் பார்த்து, ஒரு மாதச் சம்பளத்தையே லேகியத்துக்குக் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் வலி தீராமல் எங்களிடம் வந்தவர்களைக் கண்டு மனம் வெதும்பியிருக்கிறேன். பால்வினை நோய்க்கும் ஆண்மைக்கும் மருந்து தருவதாகப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடை செய்கிறது. அச்சட்டம் சுவரொட்டிக்கு மட்டுமன்றி அச்சேறும் விளம்பரத்துக்கும் பொருந்தும். நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் இவை இன்றும் இடம்பெறுகின்றன என்பதை மரியாதையோடும் வருத்தத்தோடும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள். உடல் முழுப் பரிசோதனைத் திட்டங்களில் புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனை சேர்க்கப்பட்டிருக்கிறது. அழற்சி இருக்கும்போது அதன் அளவு நன்றாகவே உயர்ந்து காணப்படும். அதைப் பார்த்துப் புற்றுநோய் என்று முடிவு கட்டிக்கொண்டு உறங்காமல் தவிக்கிறார்கள். அழற்சி அடங்கி 6 முதல் 8 வாரங்கள் கழித்து மறுபடி பார்த்தால்தான் அந்த எண்ணை நம்ப முடியும். அப்போதும் குறையவில்லை என்றால் மருத்துவர் மேற்கொண்டு ஆராய்வார். மற்றொன்று, நீர்க்கடுப்பு எல்லாமே புராஸ்டேட் அழற்சி ஆகிவிடாது. கல்லும் சிறுநீர்ப்பைத் தொற்றும் விதைப்பை அழற்சியும் சில வேளைகளில் காசநோயும் இதே போன்ற தொல்லையைத் தரும். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் போனால், ஒரே ஒரு முறை போய் நின்றுவிட்டாலும், அதைக் கட்டாயம் பரிசோதித்தே தீர வேண்டும்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மருத்துவப் பக்கத்தில் முதியோருக்கு எழுதியது போலவே உழைக்கும் வயதினருக்கும் இந்நோயைப் பற்றிச் சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்யுங்கள். அதில் காய்ச்சல், எரிச்சல், உட்கார முடியாத வலி ஆகிய மூன்றும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால் ஆண்கள் அவர்களிடம் இதைச் சொல்வதில்லை. ஆண் சுகாதார ஆய்வாளர்களும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களின் மருத்துவர்களும் ஆலை முகாம்களில் இந்தக் கேள்வியைத் தாங்களாகவே கேட்கும்படி மாவட்ட நிர்வாகங்கள் பணிக்கலாம். காய்ச்சல் முகாம்களில் ஆண்களிடம் சிறுநீர் எப்படிப் போகிறது என்று ஒரு வரி கேட்டுச் சீட்டில் எழுதினாலே எங்கள் வேலை பாதி எளிதாகிவிடும். அதோடு, லேகிய விளம்பரங்களைத் தங்கள் இதழில் வெளியிடுவதை நிறுத்தும்படியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவ ஆய்வக நுட்பநர் ஒருவர்,
பல்லடம், திருப்பூர் மாவட்டம்.